கழியை அடைத்துக் கட்டிய துறைமுகம்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறைமுகம் பற்றி வாசகர்கள் கேட்டவை.

காரைக்கால் ஆசிரியை: அது அமைந்த இடம் ஆறா, கழியா?

கழிதான். பெயர் வாலஸி பூல். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், மெர்சி ஆற்றிலிருந்து மேற்கே உள்வாங்கிக் கிடந்தது. ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறினால் நீர், வடிந்தால் சேறு. தெற்கே பர்க்கன்ஹெட், வடக்கே வாலஸி. 1824இல் வில்லியம் லேர்ட் இதன் கரையில் தொடங்கிய இரும்புப் பட்டறைதான் பின்னாளில் பேர்பெற்ற கப்பல் கட்டும் தளமாக வளர்ந்தது.

நாகப்பட்டினம் மாணவர்: சேற்றில் கப்பல் எப்படி மிதந்தது?

கழியின் வாயை அடைத்து நீர்க்கதவுகள் வைத்தார்கள். ஓதம் ஏறியிருக்கும்போது கப்பலை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டால், வெளியே ஆறு எவ்வளவு இறங்கினாலும் உள்ளே நீர் நிற்கும். பெரிய ஓத நாட்களில் மெர்சி ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்! பொறியாளர் ரெண்டல் திட்டம் போட்டார். 1847 ஏப்ரல் 5 அன்று முதல் துறைகள் திறந்தன. பணம் தட்டுப்பட்டு வேலை இழுத்தது; 1855இல் எதிர்க்கரைப் போட்டியாளரான லிவர்பூல் நகராட்சியே வாங்கிக்கொண்டது. 1860இல் பெரிய நீர்ப்பரப்பு தயாரானது. அதன் பெயரே 'கிரேட் ஃப்ளோட்', அதாவது பெரிய மிதப்பு.

தூத்துக்குடி வாசகர்: கப்பலும் போக வேண்டும், வண்டியும் போக வேண்டும். எப்படிச் சமாளித்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சாலையையே தூக்கினார்கள். பெரிய மிதப்பின் கிழக்குப் பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் நடுவே டியூக் தெருப் பாலம் இருக்கிறது. ஒரு முனையில் கனத்த எதிரெடை. அது கீழே சாயச் சாய மறுமுனை எழும்பும். தாரும் வெள்ளைக் கோடுமாக, சற்று முன்வரை பஸ் ஓடிய சாலை சுவர்போல் நிமிர்ந்து நிற்கும். இருபுறமும் வண்டிகள் காத்திருக்கும். தாமதத்துக்கு 'பாலம் தூக்கிவிட்டார்கள்' என்பதுதான் அவ்வூரில் எல்லோரும் ஏற்கும் காரணம்.

கடலூர் வாசகர்: மின்சாரம் இல்லாத காலத்தில் எது இயக்கியது?

தண்ணீர்தான். நீராவி எஞ்சின் அழுத்திய நீரைக் குழாய் வழியே அனுப்பி, கதவுகளையும் பாலங்களையும் அசைத்தார்கள். அதற்காக 1863இல் எழுந்த கோபுரம் இன்றும் நிற்கிறது. பொறியாளர் ஜெஸ்ஸி ஹார்ட்லி வடிவமைத்தது. இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலுள்ள பலாஸோ வெக்கியோ அரண்மனையின் கோபுரத்தை மாதிரியாகக் கொண்டது. இயந்திரக் கூடத்துக்கு இத்தனை அழகா என்று வியக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் அதன் உச்சி சிதைந்தது. அது பழைய வடிவில் திரும்பக் கட்டப்படவே இல்லை; அந்த வருத்தம் எனக்குத் தீரவில்லை.

அதே வாசகர்: வாலஸி என்றால் என்ன பொருள்?

பழைய ஆங்கிலத்தில் 'வேற்று மக்களின் தீவு'. கழியும் கடலும் சதுப்பும் சூழ்ந்து ஏறக்குறைய தீவாகவே இருந்த ஊர் அது.