பழைய மெட்ராஸ் படங்கள், கல்லறைக் கற்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் ஹைகோர்ட் படம் ஒன்று கிடைத்தது. பின்புறம் பென்சிலில் ‘மெட்ராஸ், 1880’ என்று எழுதியிருக்கிறது. இந்த ஆண்டை நம்பலாமா? (வாசகர், திருவல்லிக்கேணி)

பதில்: நம்ப வேண்டாம். அந்தச் செங்கல் கட்டடத்தின் வேலை தொடங்கியதே 1888இல்தான். திறந்தது 1892இல். வீட்டில் யாரோ பின்னாளில் குத்துமதிப்பாக எழுதிய ஆண்டாக இருக்கும்.

படத்துக்குள்ளேயே தேதி இருக்கிறது. பெரிய கோபுரத்தின் உச்சியில் கலங்கரை விளக்கு 1894இல் எரியத் தொடங்கியது. உச்சியில் விளக்கறை முழுமையாகத் தெரிந்தால் படம் அதை ஒட்டியோ அதற்குப் பின்னோ எடுத்தது. அதற்கு முன் கலங்கரை விளக்கமாக இருந்த 1844ஆம் ஆண்டுத் தூண் இன்றும் அதே வளாகத்தில் நிற்கிறது. ஆகவே அது தெரிவதால் ஆண்டு குறுகாது. தெருவில் டிராம் வண்டியின் தண்டவாளம் தெரிகிறதா? மின்சார டிராம் 1895இல் ஓடத் தொடங்கி 1953இல் நின்றது. மவுண்ட் ரோடு படமென்றால் ஆங்கிலேயப் படைத்தலைவர் நீலின் சிலையைத் தேடுங்கள். 1861இல் வைத்தது, 1937இல் அகற்றியது. சென்ட்ரல் ஸ்டேஷன் 1873, ரிப்பன் கட்டடம் 1913.

இதில் பலர் தவறுவது ஓரிடத்தில்தான். ஒரு பொருள் படத்தில் இருந்தால், அது வருவதற்கு முன் எடுத்த படமல்ல என்று அடித்துச் சொல்லலாம். இல்லை என்றால் அப்படிச் சொல்ல முடியாது. கோணத்தில் மறைந்திருக்கிறதா, ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது தாள். 10 மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். பளபளப்புக்கு அடியில் தாளின் நார்கள் தெரிந்து, மெல்லிய வெடிப்புகள் ஓடி, வெளிர்ப் பகுதிகள் மஞ்சளித்திருந்தால் அது முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமின் அச்சு. 1850களிலிருந்து 1890கள் வரை இதுவே பெருவழக்கு. தாள் மிக மெல்லியது என்பதால் அட்டையில் ஒட்டியிருப்பார்கள். நார் தெரியாமல் வெண்பூச்சு மூடியிருந்து, கரிய பகுதிகளின் ஓரம் சாய்த்துப் பார்க்கையில் வெள்ளிபோல் மின்னினால் அது ஜெலட்டின் அச்சு. ஆனால் தாள் சொல்வது அச்சிட்ட காலத்தை மட்டும். ஒரே கண்ணாடி நெகட்டிவிலிருந்து ஸ்டுடியோக்கள் பல ஆண்டுகள் அச்சுப் போட்டு விற்றன. 1870இல் எடுத்த காட்சி 1900இன் தாளிலும் வரும்.

கேள்வி: 1850களின் மெட்ராஸ் படம் என்று காட்டுகிறார்கள், அதில் வண்ணம் இருக்கிறது. போலியா? (வாசகர், கோவை)

பதில்: வண்ணம் இருப்பதால் மட்டும் போலியாகிவிடாது. ஃபிரெடரிக் ஃபீபிக் 1850களின் தொடக்கத்தில் எடுத்த மெட்ராஸ் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அவருடைய படங்களில் ஏறத்தாழ 500ஐக் கிழக்கிந்தியக் கம்பெனி 1856இல் வாங்கியது. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. லென்ஸில் பாருங்கள்: கைவண்ணம் நார்மேல் படிந்து கோட்டைத் தாண்டி வழியும். வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால அச்சகப் படி.

கேள்வி: சாந்தோம் ஆலயத்தின் பழைய படத்தில் கூர்கோபுரம் இல்லையே, இடிந்துவிட்டதா? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: அது வேறு கட்டடம். போர்த்துகீசியர் கட்டிய பழைய ஆலயத்தை 1893இல் இடித்தார்கள். இப்போதுள்ள கூர்கோபுர ஆலயம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது.

கேள்வி: புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தூய மரியாள் ஆலயத்தைச் சுற்றிக் கல்லறைக் கற்களைத் தரைபோலப் பதித்திருக்கிறார்கள். படம் எடுத்தால் எழுத்தே தெரியவில்லை. சாக்பீஸ் தேய்க்கலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். சாக்பீஸ் காட்டுவது கல்லில் உள்ள எழுத்தை அல்ல, நீங்கள் ஊகித்த எழுத்தை. அடுத்து வருபவரும் அதையே படிப்பார். மாவு பூசினால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் தூசியை இழுத்துக் கல்லைக் கறுக்க வைக்கும். அமிலம் சலவைக்கல்லை அரித்துவிடும். கம்பி பிரஷ் பக்கமே போக வேண்டாம். மென்மையான பெயின்ட் பிரஷால் மணலைத் தள்ளி, வெறும் தண்ணீர் தெளித்தால் போதும்.

எழுத்தைக் காட்டுவது சாய்வெளிச்சம். சூரியன் எழுந்து முக்கால் மணி நேரத்துக்குள், அல்லது மறைவதற்கு முக்கால் மணி முன் போங்கள். மரமோ சுவரோ வெயிலை மறைத்தால், இரண்டடிக்கு ஓரடிக் கண்ணாடியை ஒருவர் வெயிலில் பிடித்து, கல்லின் மட்டத்துக்குச் சற்றே மேலிருந்து ஒளியைத் தவழவிட வேண்டும். இன்னொருவர் குடையால் கல்லுக்கு நிழல் தர வேண்டும். இடம், வலம், தலை, கால் என நான்கு பக்கமிருந்தும் ஒளி விட்டு நான்கு படம் எடுங்கள். பக்கவாட்டு ஒளியில் கிடைக்கோடுகள் மறைந்துவிடும். ‘எஃப்’ எது ‘இ’ எது என்று தெரியாமல் போவது அதனால்தான். ஆறேழு அடிக் கல்லை ஒரே படத்தில் அடக்கப் போனால் எழுத்து சிறுத்துவிடும். மூன்று பகுதியாக, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி, நேர் மேலிருந்து எடுங்கள். கைபேசியின் அகலக் காட்சி லென்ஸ் ஓரங்களை வளைக்கும், வேண்டாம். ஓர் அடிக்கோலைக் கல்லின் பக்கத்தில் வையுங்கள். ஆலயத்துக்குள் உள்ள சலவைக்கல்லில் ஈயம் வார்த்த எழுத்து உதிர்ந்திருந்தால், ஈயம் பிடிக்கத் துளைத்த சிறு குழிகளின் அமைப்பை வைத்தே எழுத்தை மீட்கலாம். கோட்டைக்குள் போக அடையாள அட்டை வேண்டும். முக்காலி வைக்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

மூதாதையரைத் தேடுபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஆலயத்தைச் சுற்றித் தரையில் பதித்த இந்தக் கற்களுக்குக் கீழே உடல்கள் இல்லை. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, சட்டக் கல்லூரி பின்னாளில் எழுந்த இடத்தில் இருந்தது. 1758-59இல் லாலியின் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது அந்த உயரமான சமாதிகளின் மறைவில் நின்று தாக்கியது. அதன் பிறகே சமாதிகளை அகற்றிக் கற்களை ஆலய வளாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். மெட்ராஸ் கவர்னராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட்டின் கூர்ஞ்சமாதி போன்ற சில மட்டும் அங்கேயே தங்கின. எனவே அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு கற்களை வைத்து உறவு கற்பிக்காதீர்கள்.

கேள்வி: கல்லில் உள்ள ஆண்டும் ஆலயப் பதிவேட்டில் உள்ள ஆண்டும் ஒன்று வித்தியாசப்படுகிறது. எது சரி? (வாசகர், திருச்சி)

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். 1752க்கு முன் ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1690 பிப்ரவரி என்று வெட்டியிருந்தால் நம் கணக்கில் அது 1691. மாதம் ஜனவரி முதல் மார்ச் 24 வரை என்றால் மட்டும் இதை யோசியுங்கள். ‘ஏட்டாட்டிஸ் சுவே 28’ என்ற லத்தீன் தொடருக்கு 28ஆம் வயது நடப்பு என்று பொருள், நிறைந்தது 27. ஆர்மீனியர் கற்களில் அவர்கள் ஆண்டோடு 551 கூட்டுங்கள், ஓராண்டு முன்பின் இருக்கும். அவர்கள் ஆண்டை எழுத்துகளாலும் வெட்டுவதுண்டு. கல் தேய்ந்திருந்தால் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் வெளியிட்ட மெட்ராஸ் கல்லறை வாசகத் தொகுப்பைப் பாருங்கள். மெட்ராஸ் ஆலயப் பதிவேடுகளின் நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 வரிசையில் உள்ளன.

கேள்வி: சட்டத்துக்குள் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கலாமா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: கூடாது. கடலோர ஈரத்தில் ஜெலட்டின் ஊறிக் கண்ணாடியைப் பற்றியிருக்கும். இழுத்தால் உருவம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். மெல்லிய சிஐஎஸ் ஸ்கேனருக்கு ஆழப்பார்வை இல்லை, 2 மி.மீ. கண்ணாடிக்கு அப்பால் மங்கும். சிசிடி என்னும் தடித்த வகை ஸ்கேனர் நல்லது. 600 டிபிஐ, டிஃப் கோப்பு, கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ண அமைப்பில். அட்டையையும் பின்புறத்தையும் சேர்த்து எடுங்கள். நிக்கோலஸ், வீலே அண்ட் க்ளைன் போன்ற ஸ்டுடியோப் பெயர் அங்கேதான் இருக்கும். அழகுக்காக அதை வெட்டி எறிந்த படங்கள் ஏராளம்.

கேள்வி: எழும்பூர் ஆண்ட்ரூஸ் ஆலயப் படத்தை எடுத்தவர் நின்ற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், புரசைவாக்கம்)

பதில்: முகப்புத் தூண்களுக்கு இடையே பின்சுவரின் எந்தச் சன்னல் எவ்வளவு தெரிகிறது என்று பழைய படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் அதே அளவு தெரியும்வரை இடவலமாக நகருங்கள். பிறகு முன்பின். அருகில் போகப் போக, 166 அடிக் கோபுரம் முகப்போடு ஒப்பிடுகையில் குட்டையாகத் தெரியும். அந்த விகிதம் பொருந்துகிற இடத்தில் நில்லுங்கள். ஜூம் இதை மாற்றாது, அது காட்சியை வெட்டுவது மட்டுமே. கைபேசியை அண்ணாந்து பிடிக்காதீர்கள், சுவர்கள் உள்நோக்கிச் சாயும். பழைய கேமராவில் லென்ஸை மட்டும் மேலே உயர்த்தும் வசதி இருந்தது. நீங்கள் கைபேசியை நேராகப் பிடித்து அகலமாக எடுத்து, கீழ்ப்பகுதியை வெட்டிவிடுங்கள். எவ்வளவு நகர்ந்தும் பொருந்தவில்லையா? கண்ணாடி நெகட்டிவ் திரும்பி, படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கலாம். இந்த முகப்பு இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால் கட்டடம் அதைக் காட்டிக்கொடுக்காது. படத்தில் ஆட்கள் இருந்தால் கோட்டுப் பொத்தானைப் பாருங்கள்: ஆண்கள் கோட்டில் அணிந்தவரின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும்.