ரயில் வந்தது, கப்பல் போனது: டீஸ் நதிக்கரை ஸ்டாக்டன்

கேள்வி: வட இங்கிலாந்தில் ஸ்டாக்டன் துறைமுகத்துக்காகவே ரயில்பாதை போட்டார்கள் என்று படித்தேன். பிறகு அந்தத் துறைமுகம் ஏன் நொடித்தது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ரயிலே அதற்குப் பெரிய காரணம். டர்ஹாம் சுரங்கங்களின் நிலக்கரியை டீஸ் ஆற்றில் கப்பலேற்றத்தான் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதை 1825 செப்டம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. ஆனால் ஸ்டாக்டன் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். கீழே ஆறு பாம்பாய் வளைந்து ஓடியது, ஆழமும் போதாது. 1810-இல் மாண்டேல் வளைவைக் குறுக்கே வெட்டி, 2 மைலுக்கு மேற்பட்ட சுற்றைச் சுமார் 200 மீட்டர் கால்வாயாகக் குறைத்தார்கள். தூரம் குறைந்தும் பெரிய நிலக்கரிக் கப்பல்களுக்கு அது போதவில்லை.

ஆகவே ரயில் கம்பெனி பாதையைக் கடல் பக்கம் நீட்டி, 1830 டிசம்பரில் மிடில்ஸ்பரோவுக்குக் கொண்டுபோனது. 1801 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 25 பேர்தான்! நிலக்கரி அங்கே போனது. பின்னால் இரும்பாலைகளும் அங்கேதான் எழுந்தன.

இந்த நீட்டிப்புக்காக ஸ்டாக்டன் அருகே டீஸின் மேல் சாமுவேல் பிரவுன் கட்டிய தொங்குபாலம் பொறியியல் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒன்று. ரயிலுக்கென்று கட்டிய முதல் தொங்குபாலம் அது. தொங்குபாலத்தின் தளம் விறைப்பாக இருக்காது. ஓரிடத்தில் கனம் ஏறினால் அங்கே தாழும், வேறிடத்தில் எழும்பும். வண்டி நகர நகர அந்த அலையும் கூடவே நகரும். ரயிலின் கனத்தைத் தளம் தாங்காததால், நான்கு நான்கு வண்டிகளாகப் பிரித்து, இடையில் 27 அடிச் சங்கிலி கோத்து இழுத்தார்கள். கனம் ஒரே இடத்தில் குவியாமலிருக்கத்தான் இந்த இடைவெளி. 1844-இல் இரும்புத் தூலப் பாலம் அதன் இடத்தைப் பிடித்தது.

கேள்வி: உரசும் தீக்குச்சி பிறந்ததும் அங்கேதானா? அதில் பாஸ்பரஸ் இருந்ததா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: அங்கேதான். ஸ்டாக்டன் ஹை ஸ்ட்ரீட்டில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் 1827 ஏப்ரலில் விற்கத் தொடங்கினார். பாஸ்பரஸ் கிடையாது. பொட்டாசியம் குளோரேட்டையும் ஆன்டிமனி சல்பைடையும் பசையில் குழைத்துக் குச்சி நுனியில் பூசினார். மடித்த உப்புத்தாளுக்கு நடுவே குச்சியை வைத்து இழுத்தால், உரசும் சூட்டில் குளோரேட் ஆக்சிஜனை வெளியிட, சல்பைடு பற்றிக்கொள்ளும். எரியும் நுனி சில சமயம் உதிர்ந்து தரையையும் துணியையும் சுட்டது. வாக்கர் காப்புரிமை எடுக்கவில்லை. லண்டனில் சாமுவேல் ஜோன்ஸ் அதையே 'லூசிஃபர்' என்ற பெயரில் விற்றார். தொழிலாளரின் தாடையெலும்பை அரித்த வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிகள் 1830-க்குப் பிறகு வந்தவை. அந்தப் பழியை வாக்கர் மேல் போடுவது தவறு.