மூணு வட்டிக்கு நாற்பது அடி

அன்புள்ள ஐயா,

பழைய சீனாவில் சட்டம் என்றாலே தண்டனைதான். நிலத் தகராறு, கடன் தகராறெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்துவிடுவார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இன்றைய ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்களா?

கி., திருச்சி

அன்புள்ள கி.,

சண்டை இன்னும் ஓயவில்லை. சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் வம்சத்தின் சட்டத் தொகுப்பைப் புரட்டினால் கட்டுரைக்காரரைக் குறை சொல்லத் தோன்றாது. மாதம் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் வட்டி வாங்கினால் நாற்பது அடி என்கிறது அது. நம்மூர்க் கணக்கில் மூணு வட்டி. அதைத் தாண்டினால் பிரம்பு!

அப்புறம் பழைய கச்சேரிகளின், அதாவது அதிகாரிகள் வழக்கு விசாரித்த அலுவலகங்களின், வழக்குக் கட்டுகள் ஆய்வாளர்கள் கைக்கு வந்தன. சிச்சுவானின் பா வட்டத்தில் மட்டும் லட்சத்துக்கு மேல். வரலாற்றாய்வாளர் பிலிப் ஹுவாங் மூன்று இடங்களின் 628 சிவில் வழக்குகளைப் படித்து 1996-ல் புத்தகம் எழுதினார். நிலம், கடன், கல்யாணம், பாகப்பிரிவினை வழக்குகள். பாதிக்கு மேல் தீர்ப்புக்கே போகவில்லை, அதுவரை கட்டுரைக்காரர் சொன்னது சரி. ஆனால் தீர்ப்பு வரை போன 221-ல் அதிகாரி சமாதானம் பேசவில்லை. பெரும்பாலும் ஒரு கட்சிதான் ஜெயித்திருக்கிறது. பிரம்பையும் அதிகம் எடுக்கவில்லை. வாங்கிய பணத்தைக் கொடு, நிலத்தை விடு, அவ்வளவுதான். தொகுப்பு மிரட்டுகிறது, கச்சேரி கணக்குப் பார்க்கிறது.

ஜப்பானிய அறிஞர் ஷிகா ஷூஸோ இதை ஏற்கவில்லை. அதிகாரி பார்த்தது சட்டப் பிரிவை அல்ல, மனித இயல்பையும் நியாயத்தையும்தான் என்பது அவர் கட்சி. நான் ஹுவாங் பக்கம் சாய்கிறேன். ஆனாலும் அந்தத் தீர்ப்புகளில் சட்டப் பிரிவைச் சுட்டுவது அபூர்வம் என்பது உறுத்துகிறது.

சிவிலா கிரிமினலா என்பதே நாம் கொண்டுபோகும் பெட்டிதானோ என்னவோ. 1975-ல் ஹுபேயின் ஷுய்ஹுதியில், கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் சின் அரசுச் சட்ட அலுவலர் ஒருவரின் கல்லறையில், ஆயிரத்துக்கு மேற்பட்ட மூங்கில் பட்டைகள் கிடைத்தன. அதில் ஒரு கேள்வி பதில்: அரசுக் களஞ்சியத்தில் எத்தனை எலி வளை இருந்தால் அதிகாரிக்குத் தண்டனை? மூன்றும் அதற்கு மேலும் என்றால் ஒரு கேடய விலை அபராதம். இரண்டு வரை வெறும் கண்டிப்பு. சுண்டெலி வளை என்றால் மூன்று சேர்ந்து ஒரு எலி வளை. இதை எந்தப் பெட்டியில் போடுவது, சிவிலா கிரிமினலா?