எங்கள் எம்.பி. வைத்திருக்கும் பங்குகள்: பிரமாணப் பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: எங்கள் தொகுதி எம்.பி. 2024 மக்களவைத் தேர்தலில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தை இறக்கிப் பார்த்தேன். அவர் பெயரிலும் மனைவி பெயரிலுமாக முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பங்குகள் இருக்கின்றன. அதில் இரண்டு மின் உற்பத்தி நிறுவனங்கள். அவர் நாடாளுமன்றத்தின் எரிசக்தி நிலைக்குழுவிலும் இருக்கிறார். இது சட்டப்படி சரியா? தவறென்றால் யாரிடம் சொல்வது? அமெரிக்காவில் எம்.பி.க்கள் வாங்கும் பங்கைப் பார்த்து மக்களும் வாங்குகிறார்களாம். அப்படி இவரைப் பின்தொடரலாமா?

பதில்: பங்கு வைத்திருப்பது குற்றமில்லை. எம்.பி.க்கள் பங்கு வாங்கக் கூடாது, விற்கக் கூடாது என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எரிசக்திக் குழுவில் இருப்பவர் மின் நிறுவனப் பங்கு வைத்திருக்கக் கூடாது என்றும் விதி இல்லை. ஆனால் உங்கள் கவலை வேறு. அவர் கையில் இருக்கும் பங்கும் அவர் கையில் இருக்கும் அதிகாரமும் எங்கேயாவது ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று தெரிந்துகொள்ள நினைக்கிறீர்கள். பிரமாணப் பத்திரத்தை வைத்தே அதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். நான் ஆடிட்டர். வேட்பாளர்களுக்கு இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், மற்றவர்கள் நிரப்பியதை உட்கார்ந்து படித்தும் இருக்கிறேன்.

இந்தக் காகிதம் நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. வேட்பாளரின் சொத்து விவரம் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் தீர்ப்பளித்தது. அதை முடக்குவதற்காக நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 33பி என்ற பிரிவைச் சேர்த்தது. 2003 மார்ச்சில் அந்தப் பிரிவையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. நீங்கள் இறக்கிய படிவம் 26 இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்ததுதான்.

சரி, படிவத்துக்கு வருவோம். அசையும் சொத்து அட்டவணையில் பக்கவாட்டில் கட்டங்கள் ஓடும்: வேட்பாளர், வாழ்க்கைத்துணை, இந்துக் கூட்டுக் குடும்பம், அப்புறம் சார்ந்திருப்போர் ஒன்று, இரண்டு, மூன்று. மேலிருந்து கீழே கையிருப்பு ரொக்கம், வங்கி இருப்பு, அதற்கடுத்து கடன்பத்திரம், பங்கு, மியூச்சுவல் ஃபண்ட். பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு மொத்தத் தொகை மட்டும் இருக்கும், பக்கத்தில் 'இணைப்பு காண்க' என்று எழுதியிருக்கும். பலர் அந்தத் தொகையோடு நின்றுவிடுகிறார்கள். விஷயமே இணைப்பில்தான் இருக்கிறது. ஸ்கேன் சாய்ந்திருக்கும், நோட்டரியின் வட்ட முத்திரை சரியாக எண்ணின் மேல் விழுந்திருக்கும், 1 எது, 7 எது என்று தெரியாது. பொறுமையாகப் பெரிதாக்கிப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர், பங்குகளின் எண்ணிக்கை, மதிப்பு மூன்றையும் ஒரு தாளில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போதே பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஒரு பக்கம், பட்டியலிடப்படாதவை இன்னொரு பக்கம். என் அனுபவத்தில், கவலைப்பட வேண்டிய பக்கம் இரண்டாவதுதான்.

ஏனென்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பட்டியலிடப்பட்ட ஒரு பெரிய மின் நிறுவனத்தில் ஒருவருக்கு 3 லட்சம் ரூபாய்க்குப் பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிறுவனத்தின் சந்தை மதிப்பு ஒரு லட்சம் கோடி. குழுவில் இவர் சாதகமாகப் பேசி, அதனால் பங்கு விலை இரண்டு சதவீதம் ஏறினால்கூட இவருக்குக் கிடைப்பது 6,000 ரூபாய். அதற்காக ஒரு எம்.பி. தன் பேச்சை மாற்றிக்கொள்வார் என்று நான் நம்பவில்லை. இப்போது இன்னொன்று. பெயரே கேள்விப்படாத ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம், அதில் 10,000 பங்கு, மதிப்பு ஒரு லட்சம் ரூபாய். பார்க்கச் சின்னத் தொகை. ஆனால் அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்கே 20,000தான் என்றால் அவர் பாதி முதலாளி. அது மின்வாரியத்துக்கு மின்மாற்றி சப்ளை செய்யும் நிறுவனமாக இருந்துவிட்டால், ஒரு டெண்டர் விதியில் ஒரு வரி மாறினாலே கோடிக்கணக்கில் வித்தியாசம் வரும்.

படிவத்தின் குறிப்பையும் கவனியுங்கள். பட்டியலிடப்பட்ட பங்குக்குச் சந்தை மதிப்பைப் போட வேண்டும், பட்டியலிடப்படாததற்குக் கணக்குப் புத்தகத்தில் உள்ள மதிப்பைப் போட்டால் போதும். அந்த நிறுவனத்தின் பெயரில் பல கோடிக்கு நிலம் இருந்தாலும் இணைப்பில் ஒரு லட்சம் என்றே வரலாம். விதிப்படி அது பொய்யில்லை. படிப்பவருக்குத்தான் உண்மையான அளவு தெரியாமல் போகிறது.

அந்த நிறுவனம் யாருடையது, எவ்வளவு பங்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது? மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அடிப்படை விவரம் இலவசம். 100 ரூபாய் கட்டினால் அந்த நிறுவனம் தாக்கல் செய்த ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம். அதில் எம்ஜிடி-7 (சின்ன நிறுவனமென்றால் எம்ஜிடி-7ஏ) என்ற ஆண்டு அறிக்கையைத் தேடுங்கள், பங்குதாரர் பட்டியலோடு இருக்கும். பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் இவ்வளவு அலைய வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குச் சந்தைத் தளத்தில் பங்குதாரர் விவரம் வெளியாகிறது. புரமோட்டர்கள், அதாவது நிறுவனத்தைத் தங்கள் பிடியில் வைத்திருப்பவர்களின் பெயரும், ஒரு சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களின் பெயரும் அதில் வரும். அங்கே உங்கள் எம்.பி. பெயர் இருந்தால் அது நிச்சயம் பெரிய விஷயம்.

படிவத்தில் இன்னும் இரண்டு இடங்கள். ஒன்று, தனிநபர்களுக்கும் நிறுவனங்களுக்கும் கொடுத்த கடன், முன்பணம் என்ற வரிசை. குடும்ப நிறுவனத்துக்குள் பணம் போகும்போது பல நேரம் அது பங்காகப் போவதில்லை, கடனாகப் போகிறது. பங்கு வரிசையில் ஒரு லட்சமும் இந்த வரிசையில் அதே நிறுவனத்தின் பெயரில் மூன்று கோடியும் இருந்தால், அவருடைய உண்மையான பிடி எங்கே என்று புரிந்துவிடும். இரண்டாவது, கடைசிப் பக்கங்களை ஒட்டி வரும் அரசு ஒப்பந்த விவரம். வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர், அவர்கள் கூட்டாளியாக உள்ள கூட்டு நிறுவனம், பங்கு வைத்திருக்கும் பிரைவேட் நிறுவனம் ஆகியவை அரசோடு செய்த ஒப்பந்தங்களை அங்கே சொல்ல வேண்டும். உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான். இதை யாரும் படிப்பதாகவே தெரியவில்லை. எல்லோரும் கார் எத்தனை, நகை எத்தனை பவுன் என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

படிவத்தில் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சொந்தமாகச் சம்பாதிக்கும் மகனோ மகளோ 'சார்ந்திருப்போர்' கணக்கில் வர மாட்டார்கள். எல்லாப் பங்கும் மகன் பெயரில் இருந்து, மகனுக்குத் தனி வருமானமும் இருந்தால், படிவத்தில் அது தெரியவே தெரியாது. பிரமாணப் பத்திரம் சுத்தமாக இருப்பதால் எல்லாமே சுத்தம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

2019-இல் அவர் போட்டியிட்டிருந்தால் அந்தப் பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ரூபாயை ஒப்பிடாதீர்கள், பங்குகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். 2019 ஏப்ரலில் 39,000 அளவில் இருந்த சென்செக்ஸ் என்ற பங்குச் சந்தைக் குறியீடு 2024 ஏப்ரலில் 73,000-ஐத் தாண்டியிருந்தது. ஒன்றுமே செய்யாமல் இருந்தவருக்கும் மதிப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருக்கும். 'ஐந்து ஆண்டில் சொத்து இரட்டிப்பு' என்று தலைப்புப் போடுபவர்கள் இதைச் சொல்வதில்லை. போனஸ் பங்கு, பங்குப் பிரிப்பு நடந்திருந்தால் எண்ணிக்கையும் தானாகக் கூடும், அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கழித்த பிறகும் புதிதாக முளைத்த நிறுவனம் ஏதாவது இருந்தால் அதற்கு ஒரு வட்டம் போடுங்கள்.

இனி அதிகாரத்தின் பக்கம். துறைசார் நிலைக்குழுக்கள் மொத்தம் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சகம் தன் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையையும் மசோதாவையும் வரிவரியாகப் பார்ப்பது இவர்கள்தான். கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடக்கின்றன. ஆனால் குழு அறிக்கைகளும், உறுப்பினர் கேட்ட கேள்விகளும், அவையில் பேசிய பேச்சும் நாடாளுமன்றத் தளத்தில் கிடைக்கும். நீங்கள் வட்டம் போட்ட நிறுவனம் எந்தத் தொழிலில் இருக்கிறதோ, அதே தொழிலைப் பற்றி அவர் என்ன கேட்டார், எப்போது கேட்டார் என்று தேடுங்கள். தொகுதியில் மின்வெட்டு பற்றிக் கேட்டால் அது அவர் கடமை. ஒரு குறிப்பிட்ட கருவிக்கு இறக்குமதி வரி ஏன் குறைக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டு, அந்தக் கருவியை இறக்குமதி செய்வது மனைவியின் நிறுவனமாக இருந்தால், அதுதான் நலன் முரண்.

கற்பனையாகச் சொல்லவில்லை. 2015-இல் சிகரெட், பீடி அட்டைகளில் எச்சரிக்கைப் படத்தை அட்டைப் பரப்பில் 85 சதவீதமாக்கும் விதியைப் பரிசீலித்த நாடாளுமன்றக் குழுவில், பெரிய பீடித் தொழில் நடத்திய ஒரு எம்.பி.யே உறுப்பினராக இருந்தார். அந்தத் தொழிலை அவர் மறைக்கவும் இல்லை, எல்லோருக்கும் தெரியும். 2015 ஏப்ரல் 1 முதல் வர வேண்டிய படம் தள்ளிப்போய் 2016 ஏப்ரல் 1-இல்தான் வந்தது. தள்ளிப்போனதற்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொத்தை வெளியே சொல்லிவிட்டால் முரண் தீர்ந்துவிடாது. அந்த விஷயம் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும்.

விதி என்ன சொல்கிறது? மாநிலங்களவை எம்.பி. என்றால் உறுப்பினர் நலன் பதிவேடு ஒன்று உண்டு. ஊதியம் தரும் இயக்குநர் பதவி, தொடர் வருமானம் தரும் வேலை, நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அளவுக்கான பங்கு, கட்டண ஆலோசனை, தொழில்முறைப் பணி என ஐந்தைச் சொல்ல வேண்டும். மக்களவையில் அப்படி ஒரு பதிவேடு இல்லை. பதவியேற்று 90 நாளுக்குள் சொத்து, கடன் விவரத்தைச் சபாநாயகருக்குத் தர வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாக்கெடுப்பில் உறுப்பினருக்கு நேரடியான, தனிப்பட்ட பண லாபம் இருந்தால் அவர் வாக்கை ஆட்சேபிக்கலாம் என்று மக்களவை விதி 371 இருக்கிறது. லட்சக்கணக்கான பங்குதாரர்களில் ஒருவரை அதற்குள் கொண்டுவருவது கடினம். நிலைக்குழுவில் நேரடி நலன் உள்ள விஷயம் வந்தால் குழுத் தலைவர் வழியாகச் சபாநாயகரிடம் சொல்ல வேண்டும் என்ற நெறிமுறையும் உண்டு, சொன்னாரா என்பது நமக்குத் தெரிவதில்லை. பிரிட்டனில் ஒரு நிறுவனத்தில் 15 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருந்தால் 28 நாளுக்குள் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். மக்களவைக்கும் அப்படி ஒரு திறந்த பதிவேடு வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆதங்கம்.

புகார் பற்றி. பத்திரத்தில் தெரிந்தே மறைத்திருந்தால் அல்லது பொய் சொல்லியிருந்தால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதற்கு நீதிமன்றத்தை நாட வேண்டும். அவர் வெற்றியையே எதிர்த்துப் போடும் தேர்தல் வழக்குக்கான 45 நாள் கெடு 2024 தேர்தலுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. எல்லா விடுபடலும் குற்றமாகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒவ்வொரு அசையும் பொருளையும் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை, கணிசமான மதிப்புள்ளதா என்று பார்க்க வேண்டும் என 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறைக்கவில்லை, ஆனால் நடத்தையில் முரண் என்றால் அவையின் நெறிமுறைக் குழு. மக்களவையில் பொதுமக்கள் புகாரை இன்னொரு எம்.பி. வழியாகத்தான் அனுப்ப முடியும். பத்திரிகைச் செய்தியை மட்டும் ஆதாரமாக வைத்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் எழுதிவைத்த தாளும் 100 ரூபாய் கட்டி எடுத்த ஆவணமும் அங்கேதான் கைகொடுக்கும்.

பின்தொடர்ந்து பங்கு வாங்கலாமா என்றால், வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 2012-இல் வந்த சட்டப்படி 1,000 டாலருக்கு மேற்பட்ட வாங்கல், விற்றலை 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அதுவும் 1,001 முதல் 15,000 டாலர் என்பதுபோல வரம்பாகத்தான் சொல்வார்கள். அங்கேயே செய்தி நம்மிடம் வருவதற்குள் விலை நகர்ந்துவிடுகிறது. இங்கே உங்கள் கையில் இருப்பதோ வேட்புமனு நாளில் எடுத்த ஒரே ஒரு புகைப்படம். மறுநாளே அவர் எல்லாவற்றையும் விற்றிருக்கலாம். வெளியாகாத தகவலை வைத்து அவரே வாங்கியிருந்தால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உள்தகவல் வணிக விதிகளில் எம்.பி. என்பதற்காக விலக்கு எதுவும் கிடையாது.

இப்போதைக்கு நான் சொல்வது, புகாருக்கு முன்னால் அவருக்கே ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம். திட்டாமல் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த இரண்டு மின் நிறுவனங்களில் இன்றைக்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் எத்தனை பங்கு இருக்கிறது? குழுவில் சேரும்போது அதைத் தெரிவித்தீர்களா? அந்த நிறுவனங்களைப் பற்றிய விஷயம் வந்த நாளில் கூட்டத்தில் இருந்தீர்களா? கடிதம் சேர்ந்ததற்கான அத்தாட்சி வந்ததும் பத்திரத்தின் நகலோடு சேர்த்து வையுங்கள்.