மேல்தள வீட்டில் இரவுப் புழுக்கம்: ஃபால்ஸ் சீலிங் உதவுமா?

புழுக்கத்தைக் குறைக்க ஃபால்ஸ் சீலிங் (கூரைக்கு அடியில் தொங்கவிடும் போலிக் கூரை) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியே போதும், மொட்டைமாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடலாம்.

சென்னையில் மேல்தள ஒற்றையறை வீட்டில் இரவு 11 மணிக்கும் மின்விசிறி அனலையே தள்ளுகிறது என்கிறீர்கள். பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சிய கான்கிரீட் கூரை, பொழுது சாய்ந்த பிறகும் பல மணி நேரம் அந்த வெப்பத்தை அறைக்குள் உமிழ்ந்துகொண்டிருப்பதே பெரும்பாலும் காரணம். வெறும் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்பும். புதிய சுண்ணாம்புப் பூச்சு 70 விழுக்காடு வரை அனுப்பும்.

காரணம் கூரைதானா என்று அறிய, இரவு 9 மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் ஏறிக் கூரையையும், பிறகு மேற்குச் சுவரையும் தொட்டுப் பாருங்கள். சுவர்தான் அதிகம் சுடுகிறது என்றால் பூச்சினால் பெரிய பயன் இராது. அச்சுவருக்கு வெளிப்புறத்தில் மூங்கில் தட்டி போன்ற நிழல் தேவை. (உட்புறத் திரைச்சீலை இதற்கு உதவாது, வெப்பம் அதற்குள் சுவரில் ஏறியிருக்கும்.)

சுண்ணாம்பு நீர்க்கசிவைத் தடுக்காது என்பதால் விரிசல்களை முதலில் அடைத்துவிடுங்கள். மழையிலும் தூசியிலும் பூச்சு மங்குமாதலால் ஆண்டுதோறும் மார்ச்சில் மீண்டும் அடிக்க வேண்டும். மாடி பொதுவானது, குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலைப் பெற்றுவிட்டே தொடங்குங்கள்.