கட்டாய வாக்களிப்பு: எதிரணியின் "உரிமை" வாதத்துக்கு என்ன பதில்?

வணக்கம். கல்லூரி விவாதத்தில் கட்டாய வாக்களிப்பை ஆதரித்துப் பேசவிருப்பதாகவும், "வாக்களிக்காமல் இருப்பதும் என் உரிமை" என்ற எதிரணியின் வாதத்துக்கு விடை தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

வாக்கு இரகசியமானது, ஆகவே எந்த வேட்பாளரையும் விரும்பாதவர் சீட்டை வெறுமையாகவே மடித்துப் பெட்டியில் போட்டாலும், அவர் அவ்வாறு செய்தார் என்று எவராலும் நிறுவ முடியாது. நடைமுறையில் கட்டாயமாவது வாக்குச்சாவடிக்கு வருவதுதான், யாரையேனும் தேர்ந்தெடுப்பதல்ல என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்து ஆஸ்திரேலியாவைக் காட்டலாம். 1922 தேர்தலில் 60 விழுக்காட்டைக்கூட எட்டாத வாக்குப்பதிவு, 1924இல் சட்டம் வந்தபின், 1925இல் 91 விழுக்காட்டைத் தாண்டியது. ஆனால் எண்ணிக்கையைவிட வலுவான வாதம் வேறொன்று: வாக்களிப்பதை அவரவர் விருப்பத்துக்கே விடும் விருப்பமுறையில் பெரும்பாலும் வீட்டிலேயே தங்கிவிடுபவர்கள் ஏழைகளும் இளைஞர்களும் என்பதால், அவர்களைப் பொருட்படுத்தாமலேயே கட்சிகள் வென்றுவிட முடிகிறது. உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள்.

கட்டாயம் வந்தால் மக்கள் விவரமறிந்து வாக்களிப்பார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் பார்வையில் அது நிற்காது. நெதர்லாந்து 1970இல் கட்டாய முறையைக் கைவிட்டதை எதிரணி எழுப்பினால், 2012இல் விருப்பமுறைக்கு மாறிய சிலி, 2022 பொதுவாக்கெடுப்பில் மீண்டும் கட்டாயத்துக்கே திரும்பியதை எடுத்துரைக்கலாம்.