மஞ்சளை விற்று நான்கு சாஃப்ட்வேர் படிப்பதா?

வணக்கம்ங்க அண்ணா,

எங்களுக்குக் கோபி பக்கத்தில் ஒரு கிராமம். மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பம்ப் கம்பெனி டிசைன் பிரிவில் வேலை பார்த்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். கோவை காந்திபுரத்தில் ஒரு சென்டரில் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, கிரியோ என்று நான்கு டிசைன் சாஃப்ட்வேரும் சேர்த்து ஆறு மாதம், 45,000 ரூபாய் என்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் கட்டினால் சலுகையாம். ஈரோட்டுக்கு மஞ்சளைக் கொண்டுபோய் விற்றுக் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. இப்போது விலை சரியில்லை. ஒரு சீனியர் கேட்டியா தெரியாவிட்டால் வேலையே கிடைக்காது என்கிறார், இன்னொருவர் இனி எல்லாம் ஃப்யூஷன் சாஃப்ட்வேர்தான் என்கிறார். கல்லூரி லேபில் இருப்பது சாலிட்வொர்க்ஸ். நான் எதைப் படிக்கட்டுங்க?

ஒரு மாணவன், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தம்பி,

பணம் கட்டாதீர்கள். லேபில் சாலிட்வொர்க்ஸ் இருக்கிறதல்லவா, அதையே பிடித்துக்கொள்ளுங்கள், படிப்பு முடியும்வரை அது ஒன்று போதும். ஆட்டோகேட்டை ஒரு லீவில் ஒரு மாதம் உட்கார்ந்து பாருங்கள். கேட்டியாவும் கிரியோவும் இப்போது வேண்டாம்.

ஆறு மாதத்தில் நான்கு என்றால் ஒன்றுக்கு ஆறரை வாரம்தான் கிடைக்கும். அதற்குள் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பது தெரியும், புத்தகத்தில் உள்ள பிராக்கெட் ஒன்றை அச்சு அசலாகப் போட வரும், அதற்குள் அடுத்த சாஃப்ட்வேர் ஆரம்பித்துவிடும். நான் இன்டர்வியூவில் உட்கார்ந்த காலத்தில் நான்கு சர்டிபிகேட்டுடன் ஒரு பையன் வந்தான், நல்ல பையன். ஒரு மோட்டார் பாடி மாடலை அவனையே போடச் சொன்னோம், அழகாகப் போட்டான். பிறகு, 90 ஃபிரேமில் இருப்பதை 100 ஆக்கு என்றோம். அதாவது பாதத்திலிருந்து ஷாஃப்ட் மையம் வரை உள்ள உயரம் 90 மி.மீ.யிலிருந்து 100 ஆகவேண்டும். ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்றினான், இடது பக்கத்தில் வரிசையாக நின்ற ஃபீச்சர்கள், அதாவது மாடல் போட்ட படிகள், எல்லாம் சிவப்பாகிவிட்டன. மூலையை வளைவாக்கும் ஃபில்லட் உடைந்தது, போல்ட் ஓட்டைகள் பழைய இடத்திலேயே அந்தரத்தில் நின்றன. அவன் ஸ்கெட்சில் பாதிக் கோடுகள் நீலமாகவே இருந்தன. நீலம் என்றால் அந்தக் கோட்டுக்கு இன்னும் அளவோ கட்டுப்பாடோ முழுதாகக் கொடுக்கவில்லை என்று அர்த்தம், கொடுத்து முடித்தால் கறுப்பாகும், அளவுக்கு மேல் கொடுத்தால் சிவப்பு. இந்த மூன்று நிறத்தையும் அவனுக்கு யாரும் பொறுமையாகச் சொல்லித் தரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

படிக்கவேண்டியது இதைத்தான். எந்த அளவு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, எது மாறினால் எது கூடவே மாறவேண்டும், எது மாறவே கூடாது. போல்ட் ஓட்டையை ஓரத்திலிருந்து 15 மி.மீ. என்று போடுவதா, மையத்திலிருந்து சமதூரம் என்று போடுவதா என்பது மாடல் போடுகிறவர் எடுக்கவேண்டிய முடிவு, சாஃப்ட்வேர் எடுத்துத் தராது. அளவை மாற்றினால் மாடலும் கூடவே மாறும் இந்த முறையைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது 1980களின் கடைசியில் வந்த ப்ரோ-எஞ்சினியர், இன்று கிரியோ என்று நீங்கள் கேள்விப்படுவது அதுதான். சாலிட்வொர்க்ஸ் 1995-ல் அதையே சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடும்படி கொண்டுவந்தது. அதை ஆரம்பித்த ஜான் ஹிர்ஷ்டிக் பின்னாளில் பிரவுசரிலேயே ஓடும் ஆன்ஷேப்பையும் தொடங்கினார். சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ், என்எக்ஸ், ஆன்ஷேப் நான்குக்கும் உள்ளே வடிவத்தைக் கணக்குப் போடும் என்ஜின் ஒன்றே, பாராசாலிட் என்று பெயர். ஒன்றில் கை நன்றாகப் படிந்தவனுக்கு மற்றது பிடிபட அதிக நாள் ஆகாது, மெனு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

கேட்டியா தெரியாவிட்டால் வேலை இல்லை என்ற சீனியர் கார் கம்பெனியை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். காரின் வெளித்தகடு, விமானம் என்று போனால் கேட்டியாவும் என்எக்ஸும் வேண்டும்தான், அந்தப் பக்கம் போகிற முடிவு இருந்தால் நான்காம் வருடத்தில் படித்துக்கொள்ளலாம். ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஓடும் வயர் மட்டும் சுமார் 530 கி.மீ. ஜெர்மனி ஆட்கள் கேட்டியாவின் நான்காம் பதிப்பிலும் பிரான்ஸ் ஆட்கள் ஐந்தாம் பதிப்பிலும் வேலை செய்தார்கள். இரண்டும் சரியாக ஒத்துப்போகவில்லை, ஹாம்பர்கில் வயர் கட்டி அனுப்பிய பாகங்களைத் துலூஸில் பொருத்தும்போது வயர் எட்டவில்லை. 2006-ல் அந்த விமானம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததற்குப் பெரிய காரணம் இது. சாஃப்ட்வேர் ஒன்றுதான், பதிப்புதான் வேறு. அதனால் லேபில் இருப்பது எந்த வருடத்து சாலிட்வொர்க்ஸ் என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. 2024 பதிப்பிலிருந்து இரண்டு பதிப்பு பின்னால் வரை சேமிக்க வழி வந்திருக்கிறது, அதற்கு முந்தியதில் அதுவும் கிடையாது. வெளியே யாருக்குக் கொடுத்தாலும் ஸ்டெப் ஃபைலாகவும் ஒன்று கொடுங்கள், எல்லா சாஃப்ட்வேரும் படிக்கும். ஆனால் அதில் உருவம் மட்டும்தான் போகும், நீங்கள் ஒவ்வொரு படியாகப் போட்ட வரலாறு போகாது.

ஆட்டோகேட்டுக்கு ஒரு மாதம் என்றேன். 1982-ல் வந்த சரக்கு, இன்னும் நம் ஊரை விட்டுப் போகவில்லை, போகவும் போகாது. திருச்செங்கோட்டில் ரிக் கட்டுகிற பட்டறையிலும் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற இடத்திலும் நான் பார்த்தவரை 2டி படம்தான் கையில் இருக்கிறது. தகடு வெட்டுகிற லேசர் கடைக்காரர் கேட்பதும் டிஎக்ஸ்எஃப் ஃபைல்தான். பழைய படத்தைத் திறந்து, படித்து, ஒரு கோட்டைத் திருத்தித் தரத் தெரிந்தால் போதும்.

வீட்டு லேப்டாப்பில் கிராக் போட்டு ஓட்டாதீர்கள். தேவையே இல்லை, மாணவருக்கு நேர்வழியே இலவசமாக இருக்கிறது. சாலிட் எட்ஜ் மாணவர் பதிப்பு இலவசம். ஃப்யூஷன், கல்லூரியில் படிப்பதைக் காட்டினால் ஒரு வருடத்துக்குத் தருவார்கள், படிக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். லேப்டாப் சக்தி இல்லாததாக இருந்தால் ஆன்ஷேப், நெட் இருந்தால் போதும். ஃப்ரீகேட் எப்போதும் யாருக்கும் இலவசம். முன்பு அதில் ஆரம்பப் படி ஒன்றை மாற்றினால் பின்னால் போட்டதெல்லாம் வேறு முகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அதைப் பெரும்பாலும் சரிசெய்துவிட்டார்கள். நானாக இருந்தால் லேபில் சாலிட்வொர்க்ஸ், வீட்டில் சாலிட் எட்ஜ் என்று வைத்துக்கொள்வேன்.

அப்புறம் டிராயிங். இதை எந்த சென்டரும் சொல்லித் தருவதில்லை, எனக்கு இதில் பட்ட காயம் உண்டு. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், வெளிநாட்டு ஆர்டருக்கு ஒரு பம்ப் கேசிங், அதாவது வெளிக்கூடு, மாடல் போட்டேன். மாடலில் ஒரு குறையும் இல்லை. டிராயிங்கை வாடிக்கையாளர் அனுப்பிய அமெரிக்க டெம்ப்ளேட்டில் எடுத்தேன், அது தேர்டு ஆங்கிள், வலமிருந்து பார்ப்பதை வலது பக்கமே வரையும் முறை. நம் ஊரில் படிப்பதும் பழகுவதும் ஃபர்ஸ்ட் ஆங்கிள், அதில் வலமிருந்து பார்ப்பது இடது பக்கம் வரும். எந்த முறை என்று காட்டும் கூம்புக் குறி டைட்டில் பிளாக்கில் விடுபட்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. வார்ப்புக்கு மர மாதிரி செய்கிற பேட்டர்ன் ஆசாரி தனக்குப் பழகியபடி படித்து, வலது பக்கம் வரவேண்டிய ஃபிளாஞ்சை, குழாய் பொருத்தும் விளிம்பை, இடது பக்கம் வைத்து மரத்தில் இழைத்துவிட்டார். நாற்பது கேஸ்டிங் ஊற்றிய பிறகுதான் தெரிந்தது, நாற்பதும் கண்ணாடியில் பார்த்தது போல. ஆசாரி மேல் ஒரு தப்பும் இல்லை. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குப் பத்து மி.மீ. சுருங்கும் என்று அதற்கும் சேர்த்து அளவு வைத்து இழைக்கிறவர் அவர். என் தாளில் இல்லாததை அவர் எப்படிப் படிப்பார்.

அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் மாடலோடு நிறுத்தாமல் டிராயிங் எடுங்கள், அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்கிற டாலரன்ஸ் போடுங்கள். 6205 பேரிங்கின் வெளிவிட்டம் 52 மி.மீ. அது உட்காரும் இடத்துக்கு 52 என்று மட்டும் போட்டால் மெஷின்காரர் எதை வைத்து வெட்டுவார்? 52 ஹெச்7 என்று போட்டால் 52.000-லிருந்து 52.030 வரை என்று அவருக்குத் தெரியும். அந்த ஹெச்7 என்ற சின்னக் குறியில்தான் பேரிங் உட்காருவதும் சுற்றுவதும் இருக்கிறது.

அந்த சென்டருக்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். உங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் ஓடாத பழைய மோனோபிளாக் பம்ப் ஒன்று மூலையில் கிடக்கும், கிணறு இருக்கிற வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். உங்களிடம் இல்லையென்றால் பக்கத்துத் தோட்டத்தில் கேளுங்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பிரியுங்கள். 150 மி.மீ. வெர்னியர் ஒன்று போதும். ஷாஃப்டில் ஆரம்பியுங்கள், எளிது. ஃபிளாஞ்சின் வெளிக்கோட்டை, கேஸ்கட் வெட்டுகிறவர்கள் செய்வது போல மேலே காகிதம் வைத்து விரலில் கிரீஸ் தொட்டுத் தேய்த்தால் ஓட்டைகளோடு அப்படியே பதியும், அதை ஃபோட்டோ எடுத்து ஸ்கெட்சுக்குள் வைத்து அளவு சரிபார்த்து வரையலாம். உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மூடிய வகையாக இருந்தால் இலைகளின் வளைவு வெளியே தெரியாது, மெனக்கெட வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்து அசெம்பிளி செய்து, டிராயிங்குகளை ஏ3 தாளில் எடுத்துக்கொண்டு கோவையில் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு பேட்டர்ன் கடைக்குப் போய், இதை வைத்து உங்களால் செய்ய முடியுமாங்க என்று கேளுங்கள். காலை நேரத்தில் போகாதீர்கள், வேலை மும்முரமாக இருக்கும், மதியம் டீ நேரத்துக்குப் போனால் உட்காரவைத்துச் சொல்லித் தருவார்கள். எங்கே அளவு விடுபட்டது, எங்கே சாய்வு கொடுக்காததால் பேட்டர்ன் மணலை விட்டு வராது என்று பென்சிலால் சுழித்துக் காட்டுவார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், இன்டர்வியூவுக்கு எடுத்துப் போகவேண்டியது அது.

முடித்தால் ஸ்டெப் ஃபைலையும் டிராயிங்கையும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். மஞ்சளை விலை வரும்போது விற்கட்டும், உங்கள் ஃபீஸுக்காக அவசரப்பட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.